அடுத்த சீசனுக்கு எத்தனை பீஸ் தைப்பது? புதிதாக பனியன் யூனிட் போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் மெஷின் வாங்க வழி சொல்ல ஆள் பஞ்சமில்லை. பவர் டேபிள் எத்தனை போடலாம், ஓவர்லாக்கில் எது நல்லது, டெய்லர் எங்கே கிடைப்பார்கள் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அடுத்த சீசனுக்கு எத்தனை பீஸ் தைப்பது, தைத்தது போகாவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று கேட்டுப் பாருங்கள். "மார்க்கெட் எப்படிப் போகுதுன்னு பாத்துக்கலாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆடிட்டர் ஒரு துண்டு சொல்வார், பேங்க் மேனேஜர் ஒரு துண்டு, நூல் ஏஜென்ட் ஒரு துண்டு. அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

சொந்த பிராண்டில் உள்நாட்டுக்குத் தைத்துக்கொண்டு, கொஞ்சம் ஏற்றுமதியும் பார்க்க நினைக்கும் சின்ன யூனிட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் வெறும் ஜாப் ஒர்க் (அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) என்றால் துணியின் ரிஸ்க் உங்களுடையதல்ல. 8-ஆம் படியை மட்டும் படித்தால் போதும்.

1. பழைய கணக்கை முதலில் பிரித்துப் போடுங்கள்

தேவையைக் கணிக்கக் கன்சல்டன்ட் தேவையில்லை. டேலி கணக்கு மென்பொருளில் இருக்கும் ஐட்டம் வாரியான விற்பனை, கிரெடிட் நோட்டுகள் (திரும்பி வந்த சரக்கு இதில்தான் தெரியும்), இ-வே பில் (சரக்கு அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) தேதிகள், இவை மூன்றையும் இரண்டு மூன்று வருடத்துக்கு எடுத்து எக்செல்லில் வாரம் வாரியாகப் போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை, அக்கவுண்டன்ட் ஒரு நாள் உட்கார வேண்டும்.

ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் (ஜிஎஸ்டிக்குக் கொடுக்கும் விற்பனைக் கணக்கு) உள்ள எச்எஸ்என் (சரக்கு வகை எண்) சுருக்கத்தை எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 6109 என்ற எண்ணுக்குள் டி-ஷர்ட்டும் அடக்கம், உள்ளே போடும் பனியனும் அடக்கம். ஒன்று ஃபேஷன் சரக்கு, மற்றது வருடம் முழுக்கப் போகும் சரக்கு. இரண்டையும் கூட்டி வரும் எண் எதற்கும் உதவாது. ஐட்டம், கலர், சைஸ் வரை பிரிந்திருக்க வேண்டும். இதுவரை அப்படிப் பில் போடவில்லை என்றால் இன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

புதிதாக வருபவரிடம் பழைய கணக்கு இருக்காது. அப்போது காதர்பேட்டையில் மொத்த வியாபாரி இரண்டு மூன்று பேரிடம் போய் "என்ன போகும்?" என்று கேட்காமல், "போன சீசனில் உங்கள் கடையில் என்ன மிஞ்சியது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் ஜோசியம் சொல்வார்கள். இரண்டாவதற்கு மூலையில் கிடக்கும் மூட்டையைக் கையைக் காட்டுவார்கள்.

2. விற்றது வேறு, கேட்டது வேறு

லார்ஜ் சைஸ் மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துபோனால், அதற்குப் பிறகு கணக்கில் லார்ஜ் விற்பனை பூஜ்யம். கணக்கை அப்படியே நம்புகிறவர் அடுத்த முறையும் லார்ஜைக் குறைத்துத்தான் வெட்டுவார். எந்த சைஸ் எந்தத் தேதியில் தீர்ந்தது என்று தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். தீர்வதற்கு முன் வாரத்துக்கு எவ்வளவு போனதோ அந்த வேகத்தைத்தான் உண்மையான தேவையாக எடுக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை சரியாக இருந்து சைஸ் ரேஷியோவில் கோட்டை விட்ட யூனிட்டுகள் ஏராளம். கடைசியில் ஸ்மாலும் டபுள் எக்ஸ்எல்லும் மட்டும் அடுக்கில் நிற்கும். உடைந்த சைஸ் செட்டை மொத்த வியாபாரி நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. சரக்கு தட்டுப்பாடு என்று பேச்சு வந்தால், ஒரே வியாபாரி 1,000 பீஸ் தேவைக்கு மூன்று யூனிட்டில் தலா 1,000 சொல்லி வைப்பார். முதலில் கொடுப்பவரிடம் எடுத்துக்கொண்டு மற்ற இருவரிடம் போனை எடுக்க மாட்டார். நமக்கோ மார்க்கெட் மூன்று மடங்கு ஏறிய மாதிரித் தெரியும். ஆகவே அட்வான்ஸ் இல்லாத ஆர்டரைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், அதைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். முடிந்தால் அவர் கடையிலிருந்து சில்லறைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். அவர் உங்களிடம் வாங்கிவிட்டார் என்பதாலேயே அது முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டதாக ஆகாது.

3. மாதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள்

தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. இந்த வருட அக்டோபரைப் போன வருட அக்டோபரோடு ஒப்பிட்டால் வரும் ஏற்ற இறக்கத்தில் பாதி காலண்டர் செய்கிற வேலை. தீபாவளிக்கு எட்டு வாரம் முன், ஏழு வாரம் முன் என்று எண்ணி, வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். மேற்கு வங்கத்துக்குச் சரக்கு அனுப்புபவர்கள் துர்கா பூஜையிலிருந்து எண்ண வேண்டும். நம்மூர்ச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் ஆடித் தள்ளுபடியையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆடியில் போகும் பீஸ் எண்ணிக்கை பெரிதாக இருக்கும், மார்ஜின் இருக்காது. அதை வளர்ச்சி என்று எழுதிக்கொண்டால் பிறகு அவஸ்தைதான்.

வரி மாற்றம் வந்த மாதங்களையும் குறித்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 5, மேலே 12. அதாவது 1,000 ரூபாய்க்குள் இருக்கும் பனியனுக்கு ஒரு மாற்றமும் இல்லை. 1,500 ரூபாய் ஹூடிக்கு வரி குறைந்தது. விலை குறையப்போகிறது என்று தெரிந்துவிட்டால் வியாபாரி வாங்குவதைத் தள்ளிப்போடுவார். அப்படிப்பட்ட மாதத்தின் சரிவையும் அடுத்த மாதத்தின் துள்ளலையும் தனித்தனியாகப் பார்க்காமல் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுங்கள்.

4. வெளித் தகவலுக்குக் காசு கொடுக்காதீர்கள்

"மார்க்கெட் ரிப்போர்ட்" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி மெயில் வரும். தேவையே இல்லை. எந்த நாட்டுக்கு எந்த எச்எஸ் எண்ணில் எவ்வளவு போகிறது என்பதை மத்திய வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்கா எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்குகிறது என்பதை அவர்களுடைய வணிகத் துறையின் ஜவுளிப் பிரிவான ஓடெக்ஸா மாதாமாதம் வெளியிடுகிறது. அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் விற்பனைக்கு எவ்வளவு சரக்கு கையிருப்பு இருக்கிறது என்ற விகிதமும் அவர்களுடைய சென்சஸ் துறையில் கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். கடையில் சரக்கு குவிந்திருக்கும்போது பையர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ரிப்பீட் ஆர்டர் தாமதமாகும்.

இந்தத் தரவெல்லாம் ஒன்றிரண்டு மாதம் பின்தங்கி வருவது. போக்கைப் பார்க்க உதவும், இந்த வாரம் என்ன வெட்டுவது என்று சொல்லாது.

5. ஒரே எண் வேண்டாம், மூன்று எண் எழுதுங்கள்

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மோசமாகப் போனால், சாதாரணமாகப் போனால், நன்றாகப் போனால் என்று மூன்று எண். பிறகு இரண்டு கேள்வி: ஒரு பீஸ் குறைவாகத் தைத்தால் எவ்வளவு லாபம் போகும்? ஒரு பீஸ் அதிகமாகத் தைத்தால் எவ்வளவு கையைக் கடிக்கும்?

கணக்குக்காக ஒரு பிரின்ட் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். அடக்கம் 120 ரூபாய், விற்பனை 165, மிஞ்சினால் ஸ்டாக் லாட்டில் (மிச்சச் சரக்கை மொத்தமாகத் தள்ளிவிடும் விலை) 60. குறைவாகத் தைத்தால் இழப்பு 45, அதிகமாகத் தைத்தால் இழப்பு 60. 45-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 105-ஆல் வகுத்தால் 0.43. இது பாதிக்குக் கீழே. ஆகவே நடு எண்ணுக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்த வேண்டும். நடு எண் 10,000 என்றால் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

இப்போது அதே அடக்கம், அதே விலையில் வெள்ளை பனியனைப் பாருங்கள். மிஞ்சினாலும் அடுத்த சீசனில் போகும். வட்டி, குடோன் வாடகை, பாலி பேக் மாற்றுவது என்று பீஸுக்கு 12 ரூபாய் செலவு என்று வையுங்கள். 45-ஐ 57-ஆல் வகுத்தால் 0.79. இங்கே நடு எண்ணைத் தாண்டித் தைப்பதுதான் லாபம். ஒரே யூனிட், ஒரே மெஷின், இரண்டு சரக்குக்கும் எதிரெதிர் முடிவு. "இந்த வருசம் எல்லாத்தையும் பத்து பர்சென்ட் ஏத்திடலாம்" என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

6. பணம் எந்தக் கட்டத்தில் பூட்டிக்கொள்கிறது என்று பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கணிப்பு எப்படியும் கொஞ்சம் தப்பும். தப்பும்போது நம் பணம் நூலாக இருக்கிறதா, வெட்டின துணியாக இருக்கிறதா என்பதில்தான் பிழைப்பதும் மூழ்குவதும் இருக்கிறது.

நூலாக இருக்கும்வரை கிட்டத்தட்ட பணம் மாதிரிதான். கோன் பிரிக்காத மூட்டை என்றால் சின்ன நஷ்டத்தோடு வேறு யூனிட்டுக்குத் தள்ளிவிடலாம். நிட்டிங் ஆனதும் டயாவும் (துணியின் அகலம்) ஜிஎஸ்எம்மும் (துணியின் கனம்) நிலைத்துவிடும், ஆனாலும் கிரே துணி (சாயம் போடாத துணி) எந்தக் கலருக்கும் போகும். டையிங் முடிந்தால் கலர் பூட்டிக்கொண்டது. கட்டிங் முடிந்தால் சைஸ். பிரின்ட்டும் லேபிளும் ஏறிவிட்டால் அது உங்கள் பிராண்டுக்கும் அந்த டிசைனுக்கும் மட்டும்தான். வெளியே விற்றால் ஸ்டாக் லாட் விலை.

ஆகவே நடு எண்ணுக்கு நூல் வாங்குங்கள், கிரே துணி வரை போங்கள். டையிங்கை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை மோசமான எண்ணின் அளவுக்கு மட்டும் போடுங்கள். அது கடைக்குப் போய் இரண்டு வாரம் எந்தக் கலர் நகர்கிறது என்று பார்த்த பிறகு மீதியை அந்தக் கலருக்குத் திருப்புங்கள். பிரின்ட்டை எவ்வளவு கடைசிக்குத் தள்ள முடியுமோ தள்ளுங்கள்.

இதில் மூன்று கண்ணிகள். ஒன்று, ஷேட். இரண்டாவது லாட்டில் அதே நீலம் அப்படியே வராது. உடம்புத் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே லாட்டில் போக வேண்டும்; இரண்டு லாட் பீஸை ஒரே பெட்டியில் கலக்கவே கூடாது. இரண்டு, டையிங்கில் காத்திருப்பு. சாதாரண நாளில் ஒரு வாரம் என்று சொல்பவர்கள் சீசனில் இரண்டு மூன்று வாரம் ஆக்குவார்கள். இரண்டாம் பாதிக்கான தேதியை முதல் பாதி போகும்போதே பேசி வையுங்கள். மூன்று, லாட்டைச் சிறிதாக்கினால் கிலோவுக்கு ரேட் ஏறும். அந்தக் கூடுதல் காசை இன்சூரன்ஸ் பிரீமியம் என்று எண்ணிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டாக் லாட்டில் பீஸுக்கு 60 ரூபாய் விடுவதைவிட அது மலிவு.

நூல் விலையையும் இங்கேயே கட்டிவிட வேண்டும். மில்கள் மாதத் தொடக்கத்தில் ரேட் அறிவிப்பார்கள். பஞ்சு என்ன ஆட்டம் ஆடும் என்பதற்கு 2022 மே மாதம் போதும்: 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி லட்ச ரூபாயைத் தாண்டியது. ஒரு டி-ஷர்ட்டுக்குச் சேதாரம் சேர்த்து 250 கிராம் நூல் என்றால், கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 5 ரூபாய் போச்சு. கொட்டேஷனில் "இந்த விலை நூல் கிலோ இவ்வளவு என்ற அடிப்படையில், இந்தத் தேதி வரை" என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படி எழுதியதற்காக யாரும் ஆர்டரை மறுத்து நான் பார்த்ததில்லை, பேரம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

7. ஏற்றுமதி என்றால்

ஐஇசி எண்ணுக்கு (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) 500 ரூபாய், ஆன்லைனில் எடுக்கலாம். பான், கேன்சல் செய்த செக், முகவரிச் சான்று போதும். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிப்படுத்தவில்லை என்றால் எண் செயலிழக்கும். மாற்றம் ஒன்றும் இல்லை என்றாலும் உள்ளே போய் உறுதிப்படுத்தத்தான் வேண்டும். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டும். துறைமுகத்தில் வங்கியின் ஏடி கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் கிளையின் எண்) பதிவு, ஏஇபிசி (ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம்) உறுப்பினர் சான்று இரண்டையும் சாம்பிள் போகும் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் ஓடினால் விமானத்தில் அனுப்பும்படி ஆகிவிடும். அந்தச் சரக்குக் கட்டணம் மொத்த லாபத்தையும் தின்றுவிடும்.

தேவை ஒரே நாளில் மாறும் என்பதற்கு 2025 ஆகஸ்ட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 7-ஆம் தேதி 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது, 27-ஆம் தேதி அதை 50 ஆக்கியது. திருப்பூரின் பெரிய சந்தையே அமெரிக்காதான். வரி விகிதம் அப்புறமும் மாறலாம் என்பதால் இன்றைய நிலவரத்தைப் பையரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும்வரைதான் நம் செலவு) என்று இருந்தால் வரி கட்டுவது பையர், ஆனால் டிஸ்கவுன்ட் கேட்டு மெயில் வரும். டிடிபி (பையர் இடம் போய்ச் சேரும்வரை நம் செலவு) என்று இருந்தால் வரி நம் தலையில். புதியவர்கள் டிடிபி பக்கமே போக வேண்டாம். ஆர்டரிலேயே "வரி மாறினால் விலை மறுபேச்சு, வெட்டிய துணிக்குப் பையர் பொறுப்பு" என்று ஒரு வரி வாங்க முயலுங்கள். பெரிய பையர் கொடுக்க மாட்டார். சின்ன பையர்கள் சில பேர் கொடுப்பார்கள்.

ஈசிஜிசி (ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்கு இன்சூரன்ஸ் தரும் அரசு நிறுவனம்) பாலிசி எடுங்கள், ஆனால் அது எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்டு எடுங்கள். பையர் திவாலானாலும், வாங்கிவிட்டுப் பணம் தராவிட்டாலும், அந்த நாட்டில் போர் அல்லது அந்நியச் செலாவணித் தடை வந்தாலும் இழப்பில் பெரும்பகுதி கிடைக்கும். தரம் சரியில்லை என்று பையர் தகராறு செய்தால் கிடைக்காது. அவர் நாட்டுக் கோர்ட்டில் நாம் ஜெயித்தால்தான் கிடைக்கும். டாலர் விலை இறங்கியதற்குக் கிடைக்காது, கேட்ட டிஸ்கவுன்டுக்கும் கிடைக்காது. சாதாரண ஷிப்மென்ட் பாலிசி சரக்கு ஏறிய பிறகுதான் ஆரம்பமாகும், ஆகவே தைக்கும்போதே கேன்சல் ஆனால் அதில் உதவி இல்லை. பையர் மீது கிரெடிட் லிமிட் சரக்கு ஏறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பணம் தாமதமானால் அதைக் குறித்த நேரத்தில் தெரிவிக்க வேண்டும். கிளெய்ம் அடிபடுவது பெரும்பாலும் இந்தத் தேதிகளில்தான்.

டாலருக்கு வங்கியில் ஃபார்வர்டு (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைப்பது) போடலாம். பர்ச்சேஸ் ஆர்டரை வங்கி கேட்கலாம். உறுதியான ஆர்டருக்கு மட்டும் போடுங்கள். வரும் என்று நம்புகிற ஆர்டருக்குப் போட்டால், ஆர்டர் வராதபோது ஃபார்வர்டை ரத்து செய்ய நம் கைக்காசு போகும்.

8. சரக்கு போய்ப் பணம் வராத ரிஸ்க்

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஆதாரும் பானும் போதும். காசு கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்கள். பதிவில் உற்பத்தி என்று இருக்க வேண்டும். வியாபாரம் என்று பதிந்தால் தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கிடைக்காது. சரக்கு போகும் முன்பே பதிவு இருக்கட்டும். பின்னால் எடுத்த பதிவை வைத்து முன்னால் போன சரக்குக்குக் கேட்டால் இழுபறிதான். எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள்.

சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதனால் மார்ச் மாதத்தில் "சரக்கைத் திருப்பி அனுப்புகிறோம், ஏப்ரலில் மறுபடி பில் போடுங்கள்" என்பார்கள். ஒத்துக்கொண்டால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். தாமதமான பணத்துக்கு அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்க ஆர்டர் காப்பி, பில், டெலிவரி ஆதாரம் வேண்டும்; வாட்ஸ்அப் ஆர்டரையாவது ஒரு மெயிலாக மாற்றி "சரி" வாங்கி வையுங்கள். நடைமுறையில் புகார் கொடுத்த நாளோடு அந்த வியாபாரி உறவு முடிந்துவிடும். அதனால் அது கடைசி ஆயுதம். முதல் ஆயுதம், ஒரே ஆளுக்கு மொத்த விற்பனையில் கால்வாசிக்கு மேல் கடன் வைக்காமல் இருப்பது.

9. பேங்கிலும் இன்சூரன்ஸிலும் என்ன எழுதுவது

சின்ன யூனிட்டுக்கு 5 கோடி வரையிலான நடைமுறை மூலதன லிமிட்டை வங்கிகள் பொதுவாக வரும் வருட விற்பனைக் கணிப்பில் 20 சதவீதம் என்று போடும். 5 சதவீதம் நாம் போட வேண்டும். 2 கோடி என்று எழுதினால் லிமிட் 40 லட்சம், நம் பங்கு 10 லட்சம். அதனால் கணிப்பை ஊதிப் பெருக்கச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். ஊதினால் அடுத்த ரெனியூவலில் ஜிஎஸ்டி ரிட்டர்னை வைத்து மேனேஜர் கேட்பார், அப்போது லிமிட் குறையும். மூன்று எண்ணில் நடு எண்ணைக் கொடுங்கள், 5-ஆம் படியின் தாளையே இணைப்பாக வையுங்கள். மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. விற்பனை மந்தமாகும்போது பாக்கியும் பழசாகும், அதே நேரத்தில் லிமிட்டும் சுருங்கும். கையில் இரண்டு மாதக் கூலிக்கு ரொக்கம் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தீ இன்சூரன்ஸில் ஒரு இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி. முக்கியமாகப் பாலிசியில் எழுதிய முகவரியில் இருக்கும் சரக்குக்குத்தான் அது. நம் துணியோ பாதி நேரம் நிட்டிங்கிலும் டையிங்கிலும் காம்பாக்டிங்கிலும் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) கிடக்கும். அந்த இடங்களைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் டெலிவரி சலானோடு அனுப்புங்கள். சலான் இல்லாத துணிக்கு இன்சூரன்ஸிலும் பதில் இல்லை, ஜிஎஸ்டியிலும் பதில் இல்லை.

10. எப்போது எதைப் பார்ப்பது

தீபாவளிக்கு ஐந்து மாதம் முன் மூன்று எண்ணும் நூல் கொட்டேஷனும். மூன்றரை மாதம் முன் நிட்டிங். மூன்று மாதம் முன் முதல் டையிங். சரக்கு கடைக்குப் போனபின் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை அரை மணி நேரம், எது தீர்ந்தது எது நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாம் டையிங்குக்குக் கடைசி நாள் எது என்று சுவரில் எழுதிவிடுங்கள். அந்த நாள் தாண்டினால் எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் கிரே துணியைத் தொடாதீர்கள், அது பொங்கலுக்கு இருக்கட்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் தீபாவளி, சத் பூஜைக்கு ஊருக்குப் போனால் திரும்பச் சில வாரம் ஆகும். அந்த வாரங்களில் தைக்க ஆர்டர் எடுப்பவர்கள் டெலிவரி தேதியை அதற்கேற்பத் தள்ளியே கொடுங்கள்.